பொன்மலையும் பூட்டிய கதவும்

1888-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8-ஆம் நாள், 'பெல்ஜிக்' என்னும் நீராவிக் கப்பல் ஆங்காங்கிலிருந்து ஒரு மாத காலம் கடலில் வந்து சான்பிரான்சிஸ்கோத் துறைமுகத்தை அடைந்தது. அதில் சேய் சான் பிங் என்ற சீனத் தொழிலாளி ஒருவர் இருந்தார். அவர் அந்நகருக்குப் புதியவர் அல்லர். 1875 முதல் 1887 வரை பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே உழைத்துப் பிழைத்தவர். உற்றாரைக் காணத் தாய்நாடு சென்றவர், திரும்பி வந்துகொண்டிருந்தார். புறப்படும் முன்னர், மீண்டும் நுழைவதற்கு உரிமையளிக்கும் சான்றிதழ் ஒன்றை அமெரிக்க அரசினரிடமே முறைப்படி பெற்றிருந்தார். அச்சான்றிதழ் அவர் மடியில் பத்திரமாக இருந்தது.

கரையில் நின்ற அதிகாரி அதைப் பார்த்தார், செல்லாது என்றார். ஏன் செல்லாது? ஏழு நாட்களுக்கு முன்பு, அக்டோபர் முதல் நாளன்று, புதிய சட்டம் ஒன்று பிறந்துவிட்டது. வெளிநாட்டிலிருக்கும் சீனத் தொழிலாளர் எவரும் திரும்பி வரலாகாது. அவர்கள் கையிலுள்ள சான்றிதழ்கள் யாவும் வெற்றுத்தாள்கள் என்று அச்சட்டம் கூறியது. செப்டம்பர் 7-ஆம் நாள் ஆங்காங்கில் கப்பலேறியபோது அவருக்கிருந்த உரிமை, நடுக்கடலில் அவர் உறங்கிக்கொண்டிருந்தபோது மாண்டுபோயிற்று. இவ்வாறு செல்லாதனவாகிய சான்றிதழ்கள் ஏறத்தாழ 20,000 என்பர்.

ஓர் அரசு எழுதிக் கொடுத்த சொல்லை அந்த அரசே அழிக்கலாமா? இந்த வினாவை வகுப்பறையில் நான் பலமுறை எழுப்பியிருக்கிறேன். மாணவர் பலர் உடனே "கூடாது" என்பார்கள். அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் "கூடும்" என்று சொல்லிற்று. அத்தீர்ப்பு எப்படி வந்தது என்பதை அறிய வேண்டுமாயின், நாற்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1848-ஆம் ஆண்டு சனவரி 24-ஆம் நாள், கலிபோர்னியாவில் சட்டர் என்பவருக்குரிய மரம் அறுக்கும் ஆலையின் வாய்க்காலில் மார்ஷல் என்ற மேற்பார்வையாளர் மின்னும் துகள் சிலவற்றைக் கண்டெடுத்தார். அவை பொன். செய்தி உலகெங்கும் பரவிற்று; தென்சீனத்துக் குவாங்துங் மாகாணத்தையும் எட்டிற்று. அப்பகுதி மக்கள் அன்று பட்ட பாடு சொல்லுந்தரமன்று. அபினிப் போரில் சீனா தோற்றபின், வாணிகம் காண்டன் நகரைவிட்டுப் பிற துறைமுகங்களுக்குப் பிரிந்து போயிற்று. படகோட்டிகளும் சுமை தூக்குவோரும் பிழைப்பிழந்தனர். 1850-இல் தொடங்கிய தைப்பிங் கலகம் பதினான்கு ஆண்டுகள் நாட்டைச் சுட்டெரித்தது. முத்து நதியின் கழிமுகத்தை அடுத்த தைஷான் போன்ற வட்டங்களில் நிலம் குறைவு, வாய்கள் மிகுதி. ஆகவே ஊரூராக இளைஞர் கப்பலேறினர். அவர்கள் கலிபோர்னியாவுக்கு இட்ட பெயர் 'பொன்மலை' என்பது. பின்னர் ஆஸ்திரேலியாவிலும் பொன் கிடைத்தபோது அதனைப் 'புதிய பொன்மலை' என்றனர். அதனால் சான்பிரான்சிஸ்கோ 'பழைய பொன்மலை' ஆயிற்று. இன்றளவும் சீன மொழியில் அந்நகரின் பெயர் அதுவே.

1852-ஆம் ஆண்டில் மட்டும் 20,000 சீனர் வந்திறங்கினர். இவர்களில் பெரும்பாலோர் கப்பல் கட்டணத்தைக் கடனாகப் பெற்று வந்து, உழைத்து அதை அடைத்தவர்கள். எவருக்கும் அடிமையாக விற்கப்பட்டவர்கள் அல்லர். எனினும் இவர்களைக் 'கூலிகள்' என்று இழித்துரைப்பது அங்கே வழக்கமாயிற்று. 1862-ஆம் ஆண்டு கலிபோர்னியா இயற்றிய ஒரு வரிச்சட்டத்தின் தலைப்பிலேயே அச்சொல் ஏறிவிட்டது. அது நம் தமிழ்ச் சொல்லோடு உறவுடையது என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். நாம் உழைப்புக்குத் தரும் ஊதியத்தைக் குறிக்கும் சொல், கடல் கடந்து போய் மனிதனைக் குறிக்கும் வசைச்சொல்லாக மாறியதை எண்ணி நான் வருந்துவதுண்டு.

வரியைப் பற்றிச் சொன்னேன். 1850-இல் அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்மீது மாதம் 20 டாலர் வரி விதிக்கப்பட்டது. அது தாங்காமல் பலர் ஓடியதால் நீக்கப்பட்டு, 1852-இல் மாதம் 3 டாலராக மீண்டும் வந்தது. மறு ஆண்டு 4 டாலர் ஆயிற்று. அயலார் அனைவருக்கும் பொதுவென்று பெயர். வாங்கியதோ பெரும்பாலும் சீனரிடம். வாட்டமுற்றிருந்த மாநிலக் கருவூலத்துக்கு இவ்வரி பெருந்துணையாக இருந்தது. வரி கொடுத்தவனுக்குப் பாதுகாப்புக் கிடைத்ததா என்றால், இல்லை. 1853-இல் லிங் சிங் என்ற சீனச் சுரங்கத் தொழிலாளியை ஜார்ஜ் ஹால் என்னும் வெள்ளையர் சுட்டுக் கொன்றார். கண்ணாரக் கண்ட சீனர் மூவர் சாட்சி சொன்னார்கள். ஹாலுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் 1854-இல் மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிவிட்டது. வெள்ளையருக்கு எதிராக நீக்ரோவரும் 'இந்தியர்' எனப்பட்ட அமெரிக்கப் பழங்குடியினரும் சாட்சி சொல்லலாகாது என்பது அங்கிருந்த சட்டம். அதில் சீனர் என்ற சொல்லே இல்லை. தலைமை நீதிபதி மர்ரே என்ன செய்தார் தெரியுமா? கொலம்பஸ் தாம் ஆசியாவை அடைந்ததாக நினைத்தே அப்பழங்குடிகளை 'இந்தியர்' என்றார். ஆகையால் அச்சொல் ஆசியரையும் உள்ளடக்கும் என்று விளக்கம் கண்டார். ஒரு மாலுமி வழி தவறியதன் பயனாக, 350 ஆண்டுகள் கழித்து ஒரு கொலையாளி விடுதலை பெற்றார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள், ஒரு சீனரைச் சீனர் மட்டும் காணக் கொன்ற வெள்ளையருக்குக் கலிபோர்னிய நீதிமன்றங்களில் அச்சம் இல்லாதிருந்தது.

இனி இருப்புப்பாதையின் கதைக்கு வருகிறேன். அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பாதையை இரண்டு கம்பெனிகள் இரு திசைகளிலிருந்தும் போட்டு வந்தன. மேற்கிலிருந்து புறப்பட்ட சென்ட்ரல் பசிபிக் கம்பெனியின் முன்னே சியரா நெவாடா மலை சுவர்போல் எழுந்து நின்றது. வெள்ளைத் தொழிலாளர் சேர்வதும், சில நாளில் சுரங்கங்களுக்கு ஓடிவிடுவதுமாக இருந்தனர். 1865-இல் சோதனையாக ஐம்பது சீனரை அமர்த்திப் பார்த்தார்கள். மெலிந்த உடலினராகிய இவர்கள் மலை உடைப்பார்களா என்று மேற்பார்வையாளருக்கு ஐயம். சீனப் பெருஞ்சுவரைக் கட்டியவர்கள் யார் என்று கம்பெனியின் பங்காளியான கிராக்கர் திருப்பிக் கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. ஐம்பது நூறாயிற்று; நூறு ஆயிரங்களாயிற்று. முடிவில் அக்கம்பெனியின் உழைப்பாளர் பத்துப் பேரில் ஒன்பதின்மர் சீனர்; தொகை பத்தாயிரத்துக்கும் மேல்.

கருங்கல் மலையை உளியாலும் சம்மட்டியாலும் துளையிட்டு, வெடிமருந்து திணித்து உடைத்தார்கள். உச்சிச் சுரங்கம் என்னும் ஒன்றின் நீளமே 1,659 அடி. வெடிமருந்து போதாதென்று நைட்ரோகிளிசரின் என்ற கொடிய வெடிநீர்மத்தையும் பயன்படுத்தினர். 1866-67 குளிர்காலத்தில் வீழ்ந்த பனி, குடிசைகளை மூடிற்று. பனிக்கடியில் சுரங்கம் குடைந்து, அதன் வழியே வேலைக்குப் போய்த் திரும்பினார்கள். பனிச்சரிவு சிலசமயம் முகாம்களையே வாரிக்கொண்டு போயிற்று. இளவேனிலில் பனி உருகியபோதுதான் உடல்கள் வெளிப்பட்டன. இறந்தவர் எத்தனை பேர் என்ற கணக்கைக் கம்பெனி எழுதி வைக்கவில்லை. எத்தனை பீப்பாய் வெடிமருந்து என்பதற்குக் கணக்கு வைத்தவர்கள், மனிதருக்குக் கணக்கு வைக்கவில்லை. சீனர் கொதிக்கவைத்த தேநீரையே பருகினர். அதனால் பிற தொழிலாளரைப் பிடித்த வயிற்றுக்கடுப்பு இவர்களை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வெள்ளையருக்குச் சம்பளத்தோடு உணவும் உறையுளும் உண்டு. சீனர் தம் சம்பளத்திலேயே உண்ண வேண்டும்.

பணிவே இவர்களின் இயல்பு என்று முதலாளிகள் எண்ணியிருந்தார்கள். 1867-ஆம் ஆண்டு சூன் மாதத்தில் ஆயிரக்கணக்கான சீனர் ஒரே நாளில் கருவிகளைக் கீழே வைத்தனர். மாதம் 40 டாலர் சம்பளமும், வேலை நேரக் குறைப்பும் கேட்டனர். கலகம் இல்லை, கூச்சல் இல்லை, முகாம்களில் அமைதியாக அமர்ந்திருந்தனர். கம்பெனி அடக்கிய முறை எளியது: மலைமேலிருந்தவர்களுக்கு உணவுப் பொருள் செல்வதை நிறுத்திவிட்டது. ஒரு வாரத்தில் பசி வென்றது.

1869-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள், யூட்டா பிரதேசத்தில் இரு பாதைகளும் கூடின. பொன்னாணி அறைந்து விழாக் கொண்டாடினார்கள். இரு எஞ்சின்களும் எதிரெதிரே நிற்க, மனிதர் திரள்திரளாக நிற்கும் நிழற்படம் ஒன்றை வரலாற்று நூல்களில் நீங்கள் கண்டிருக்கலாம். அதில் சீன முகத்தைத் தேடிக் காண்பது அரிது. ஆறு கடக்கிற வரையில் அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார் நான் யார் என்னும் பழமொழி அந்தப் படத்துக்கென்றே பிறந்ததோ என்று தோன்றும்.

உழைப்பு தேவைப்பட்ட காலத்தில் சட்டம் இனிமையாகப் பேசிற்று என்பதையும் சொல்ல வேண்டும். 1868-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட பர்லிங்கேம் உடன்படிக்கை, மனிதன் ஒரு நாட்டைவிட்டு இன்னொரு நாட்டுக்குச் செல்வது அவனது பிறப்புரிமை என்று ஒப்புக்கொண்டது. ஆயினும் வரலாமேயன்றிக் குடிமகனாக முடியாது. 1790-ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டவருள் வெள்ளையருக்கே குடியுரிமை என்றது. 1870-இல் ஆப்பிரிக்க வழியினருக்கும் அதனை விரித்தார்கள். ஆசியர் வெளியே நின்றனர். குடிமகனாகாதவனுக்கு வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவனுக்காகப் பரிந்து பேச எந்த அரசியல்வாதி வருவான்?

1873-இல் பெரும் வாணிக வீழ்ச்சி ஏற்பட்டது. வேலையில்லாத கூட்டம் சான்பிரான்சிஸ்கோவில் பெருகிற்று. கூலி குறைந்ததற்குக் காரணம் சீனர் என்று தெருமுனைகளில் முழங்கினார்கள். அவர்களுள் தலைவரான டெனிஸ் கியர்னி, தாமே அயர்லாந்திலிருந்து குடியேறியவர் என்பது கவனிக்கத் தக்கது. நகராண்மையினர் விசித்திரமான விதிகளைப் பிறப்பித்தார்கள். உறங்கும் அறையில் ஆளுக்கு 500 கன அடி காற்று இருக்க வேண்டும், இல்லையேல் அபராதம். கட்டாதவர்கள் சிறை சென்றனர். சிறையில் அவர்கள் தலைப்பின்னலை அறுத்தனர். மஞ்சு மன்னர் ஆட்சியில் பின்னலின்றிச் சீனர் தாய்நாடு திரும்ப இயலாது. ஆகவே அஃது உயிர்நிலையில் அடிப்பது போன்றது. ஹோ ஆ கௌ என்பவர் பின்னலிழந்து வழக்குத் தொடுத்தார். 1879-இல் நீதிபதி ஸ்டீபன் பீல்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தார். இந்தப் பீல்டு என்னும் பெயரை நினைவில் வையுங்கள்.

1875-ஆம் ஆண்டுப் பேஜ் சட்டம் ஒழுக்கத்தைக் காக்கும் பெயரால் வந்து, நடைமுறையில் சீனப் பெண்கள் வருவதை அறவே தடுத்தது. 1890-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கே ஒரு சீனப் பெண்ணுக்கு 26 சீன ஆண்களுக்கும் மேல் இருந்தனர். பின்னர் 1882-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள், குடியரசுத் தலைவர் ஆர்தர் சீனர் விலக்குச் சட்டத்தில் கையொப்பமிட்டார். இருபது ஆண்டுத் தடை வேண்டும் என்ற முதல் மசோதாவை அவரே மறுத்தனுப்பியிருந்தார். பத்தாண்டு என்று குறைத்து அனுப்பியபோது இசைந்தார். சீனத் தொழிலாளர் வரலாகாது. எந்த நீதிமன்றமும் சீனரைக் குடிமக்களாக்கலாகாது. வணிகர், ஆசிரியர், மாணவர், சுற்றுப்பயணம் செய்வோர் ஆகியோருக்கு மட்டும் விலக்கு. ஒரு நாட்டவரைப் பெயர் சொல்லி, தொழிலைச் சொல்லி, அமெரிக்கா கதவடைத்தது அதுவே முதன்முறை. அப்பொழுது அந்நாட்டின் மக்கள்தொகை 5 கோடி. சீனர் ஏறத்தாழ 1,05,000. ஆயிரத்துக்கு இருவர்! இந்த இருவரால் மற்றத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டுப் பேரின் வாழ்வு கெட்டதென்று மக்கள் மன்றம் நம்பிற்று. மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஹோர் என்ற செனட் உறுப்பினர், இனத்தைக் குற்றமாக்கும் சட்டம் என்று எதிர்த்துப் பேசித் தம் கட்சியாரிடமே வசை வாங்கினார்.

சட்டம் வெறுப்புக்கு முத்திரையிட்டால் வன்முறை நெடுந்தொலைவில் இராது. 1885 செப்டம்பர் 2-ஆம் நாள், வையோமிங் பிரதேசத்து ராக் ஸ்பிரிங்ஸ் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் 28 சீனர் கொல்லப்பட்டனர். அவர்கள் குடியிருப்பு எரிக்கப்பட்டது. அதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

இப்பொழுது சேய் சான் பிங்கிடம் திரும்புவோம். கப்பலிலிருந்து இறங்க விடாத அதிகாரியோடு அவர் வாதிட்டுக் கொண்டிருக்கவில்லை, வழக்குத் தொடுத்தார். உடன்படிக்கை இருக்கிறது, அரசின் சான்றிதழ் இருக்கிறது என்பது அவர் வாதம். 1889 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்புரைத்தது. அயலாரை விலக்கும் அதிகாரம் நாட்டின் இறைமையோடு ஒட்டியது. முந்திய உடன்படிக்கையைப் பிந்திய சட்டம் மாற்றலாம். நீதிமன்றம் அதில் தலையிடாது என்பது தீர்ப்பின் சாரம். அதனை எழுதியவர் யார்? பின்னலுக்கு நீதி வழங்கிய அதே பீல்டு. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் தமக்கு வேலை தந்த நாட்டைவிட்டுச் சேய் சான் பிங் வெளியேற்றப்பட்டார். குடியேற்ற வழக்குகளில் அத்தீர்ப்பின் கோட்பாடு இன்றும் அமெரிக்க நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுகிறது.

1892-ஆம் ஆண்டு கியரிச் சட்டம் இன்னும் ஓரடி முன்சென்றது. நாட்டிலேயே இருக்கும் சீனத் தொழிலாளர் ஒவ்வொருவரும் வதிவுச் சான்றிதழ் பெற வேண்டும். அஃதின்றி அகப்பட்டால் நாடு கடத்தப்படுவர். குறித்த காலத்தில் பெறத் தவறியவர், தாம் அங்கே வாழ்ந்தவர் என்பதை மெய்ப்பிக்க வெள்ளையர் ஒருவரைச் சாட்சியாகக் கொணர வேண்டும். மறு ஆண்டு நிழற்படம் ஒட்டுவதும் கட்டாயமாயிற்று. சீனரின் ஊர்ச் சங்கங்களின் கூட்டமைப்பான 'ஆறு கம்பெனிகள்' பதிவு செய்யாதீர் என்று தம் மக்களை வேண்டிற்று. பெரும்பாலோர் அவ்வாறே பதிவு செய்யாது இருந்தனர். காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் ஆசியர் பதிவுச் சட்டத்தை எதிர்த்து நின்றதற்குப் பதினான்கு ஆண்டுகள் முற்பட்ட நிகழ்ச்சி இது. உச்ச நீதிமன்றத்தில் மீண்டும் தோல்வி. ஆனால் இம்முறை மூன்று நீதிபதிகள் மாறுபட்டார்கள். அவர்களுள் ஒருவர் பீல்டு! வாசலில் நிற்பவனைத் தடுப்பது வேறு, வீட்டில் குடியிருப்பவனை விசாரணையின்றி வெளியே தள்ளுவது வேறு என்று அவர் கண்டார். மனிதர் சிலருக்கு நீதி தவணை முறையில்தான் விளங்குகிறது.

நீங்கள் மாணவர்கள், ஆகையால் கல்வி பற்றிய இரண்டு செய்திகளைச் சொல்லாமல் மேற்செல்ல மனமில்லை. 1884-இல் மேமி டேப் என்ற எட்டு வயதுச் சிறுமி, சான்பிரான்சிஸ்கோவில் பிறந்தவள், அண்டையிலிருந்த அரசுப் பள்ளியில் சேரச் சென்றாள். சீனப் பெற்றோரின் மகள் என்று சேர்க்க மறுத்தனர். பெற்றோர் வழக்காடினர், 1885-இல் மாநில உச்ச நீதிமன்றம் அவளுக்கு இடமளிக்க வேண்டும் என்றது. உடனே சட்டசபை கூடிச் சீனக் குழந்தைகளுக்குத் தனிப்பள்ளி வைக்கலாமென ஒரு சட்டம் இயற்றிவிட்டது. வழக்கில் வென்ற சிறுமி, தான் கேட்ட பள்ளியில் கால் வைக்கவே இல்லை.

மற்றொருவர் யுங் விங். 1854-இல் யேல் பல்கலைக் கழகத்துப் பட்டம் பெற்றவர். அமெரிக்கப் பல்கலைக் கழகப் பட்டம் பெற்ற முதற்சீனர். 1852-இலேயே குடியுரிமையும் பெற்றிருந்தார். அவர் முயற்சியால் 1872 முதல் 120 சீனச் சிறுவர் அமெரிக்கப் பள்ளிகளுக்கு வந்தனர். இராணுவக் கல்லூரிகளில் இடமில்லை என்ற மறுப்பும், சீன அதிகாரிகளின் பழமைப் பற்றும் சேர்ந்து 1881-இல் அவர்களைத் திருப்பியழைத்தன. அவ்வாண்டே யேலில் கட்டடப் பொறியியல் முடித்துத் திரும்பிய சான் தியென்யூ என்பவர்தாம், பிற்காலத்தில் அயலார் துணையின்றிப் பெய்ஜிங்கிலிருந்து சாங்ஜியாகோவுக்கு மலைவழிப் புகைவண்டிப் பாதை அமைத்து 1909-இல் முடித்தவர். யுங் விங்கின் குடியுரிமையோ 1898-இல் செல்லாதென்று அறிவிக்கப்பட்டது. நாற்பத்தாறு ஆண்டு கழித்து!

அதே 1898-இல் எதிர்த்திசையிலும் ஒரு பெருந்தீர்ப்பு வந்தது. வாங் கிம் ஆர்க் என்னும் சமையற்காரர் 1873-இல் சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1895-இல் சீனா சென்று திரும்பியபோது, நீர் குடிமகன் அல்லர் என்று கப்பலிலேயே தடுத்து வைத்தார்கள். அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அனைவரும் குடிமக்கள் என்று 1868-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் கூறுகிறதே, அஃது எனக்கும் உரியதன்றோ என்று அவர் கேட்டார். ஆறு நீதிபதிகள் ஆம் என்றனர். இருவர் இல்லை என்றனர். அன்று முதல் அந்நாட்டில் பிறந்த குடியேறிகளின் குழந்தைகள், இத்தாலியராயினும் மெக்சிக்கராயினும் இந்தியராயினும், ஒரு சீனச் சமையற்காரர் வென்ற வழக்கின் நிழலில் வாழ்ந்து வருகிறார்கள். 2025-ஆம் ஆண்டிலும் பிறப்புக் குடியுரிமை பற்றிய வாதம் எழுந்தபோது நீதிமன்றங்கள் இவ்வழக்கையே எடுத்துப் பேசின. 1886-இல் இக் வோ என்ற சலவைக்கடை வழக்கும் இத்தகையதே: சட்டத்தின் எழுத்து நடுநிலையாக இருந்தாலும், அதனை ஓரினத்தார்மீது மட்டும் ஏவினால் அது நீதியன்று என்று அங்கே நிலைநாட்டப்பட்டது. இருநூறு சீனச் சலவையாளருக்கு உரிமம் மறுத்துவிட்டு, மற்றவருக்கு ஒருவர் நீங்கலாக அனைவருக்கும் அளித்த நகராண்மை அன்று தலைகுனிந்தது.

விலக்குச் சட்டம் 1902-இல் நீட்டிக்கப்பட்டது. 1904-இல் கால வரையறையே எடுபட்டது. 1920-இல் அமெரிக்காவிலிருந்த சீனர் 62,000-க்கும் குறைவு.

1906 ஏப்ரல் 18-ஆம் நாள் விடியற்காலையில் சான்பிரான்சிஸ்கோவை நிலநடுக்கமும் தீயும் அழித்தன. நகராண்மைக் கட்டடத்திலிருந்த பிறப்புப் பதிவேடுகள் சாம்பலாயின. பலர் இல்லமிழந்து வருந்திய அத்தீயில் சீனருக்கு ஒரு சிறு வாசல் திறந்தது. நான் இங்கே பிறந்தவன், பதிவேடு எரிந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால் மறுப்பதெப்படி? குடிமகனானவர் சீனாவில் தமக்கு இத்தனை புதல்வர் பிறந்தனர் என்று பதிந்து வைக்கலாம். இல்லாத மகனின் இடத்தை அண்டை வீட்டுப் பையனுக்கு விற்கலாம். இவ்வாறு வந்தோரைக் 'காகித மகன்கள்' என்றனர். காகிதத்தால் அடைத்த கதவைக் காகிதத்தாலேயே திறந்தார்கள். பொய் பொய்யே என்று நீங்கள் சொல்லலாம். நானும் மறுக்கவில்லை, ஆனால் மெய் சொன்ன சேய் சான் பிங்குக்கு என்ன கிடைத்தது என்பதையும் உடன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதைக் கண்டுகொண்ட அரசினர் 1910-இல் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் நடுவே ஏஞ்சல் தீவில் ஒரு குடியேற்ற நிலையம் அமைத்தனர். நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் ஐரோப்பியர் சில மணி நேரத்தில் கடந்து சென்றனர். இங்கே சீனர் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பூட்டிய மரக்கொட்டகையில் காத்திருந்தனர். விசாரணை எத்தகையது? உன் வீட்டு வாசலுக்கு எத்தனை படிகள்? அரிசிப் பானை எந்த மூலையில் இருக்கிறது? உன் வரிசையில் மூன்றாம் வீடு யாருடையது? கிணறு எத்திசையில் உள்ளது? தந்தையைத் தனியே வைத்து இவ்வினாக்களையே கேட்பார்கள். விடைகள் ஒவ்வாவிடில் மகன் கப்பலேற வேண்டியதுதான். நூற்றுக்கணக்கான வினாக்கள். காகித மகன்கள் விடைப்புத்தகங்களைக் கப்பலிலேயே மனப்பாடம் செய்து, துறைமுகம் நெருங்கியதும் கடலில் எறிந்தார்கள். மெய்ம்மகன்களும் மனப்பாடம் செய்ய வேண்டியதாயிற்று. ஏனெனில், பிறந்த வீட்டின் படிகளை எண்ணி வைப்பவர் எத்தனை பேர்? இப்பேச்சுக்காக என் இளமைக்கால வீட்டை நினைவுபடுத்திப் பார்த்தேன். திண்ணைக்கு ஏறும் படிகள் மூன்றா நான்கா என்று எனக்கு இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. நான் அங்கே நின்றிருந்தால் என்னைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

சீனருக்கென்று கட்டிய சுவர் சீனரோடு நின்றுவிடவில்லை. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பரப்பில் பெரும்பகுதியை விலக்கப்பட்ட மண்டலமாக்கிற்று. 1923-இல், முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் பணிபுரிந்த பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியரின் குடியுரிமை வழக்கில், இந்தியர் வெள்ளையர் ஆகார் என்று தீர்ப்பாயிற்று. முன்பே குடிமக்களாகியிருந்த இந்தியர் பலர் அதனை இழந்தனர். 1924-ஆம் ஆண்டுச் சட்டம், குடிமக்களாகத் தகுதியற்றோர் குடியேறவும் தகுதியற்றோர் என்று கூறி ஆசியா முழுமைக்கும் கதவைச் சாத்திற்று. அச்சட்டத்தை எதிர்த்துப் பேசிய இளைய உறுப்பினர் ஒருவர் இருந்தார். புரூக்ளினிலிருந்து புதிதாக வந்த இம்மானுவேல் செல்லர் என்பவர். அவர் குரல் அன்று அடிபட்டுப் போயிற்று.

சுவரைத் தளர்த்தியது போர். ஜப்பானை எதிர்த்துச் சீனாவும் அமெரிக்காவும் தோளோடு தோள் நிற்கையில், நட்பு நாட்டினரைப் பெயர் சொல்லி விலக்கும் சட்டம் நாணத்தை விளைவித்தது. ஜப்பானியரோ அதனைத் தம் பிரசாரத்துக்கு நன்கு பயன்படுத்திக் கொண்டனர். 1943-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சியாங் கை ஷேக்கின் துணைவியார் அமெரிக்கக் காங்கிரசில் உரையாற்றினார். விலக்கு ஒரு வரலாற்றுத் தவறு என்று குடியரசுத் தலைவர் ரூசுவெல்டு காங்கிரசுக்கு எழுதினார். டிசம்பர் 17-ஆம் நாள் சட்டம் நீங்கிற்று. சீனர் குடிமக்களாகலாம் என்றாயிற்று. ஆண்டுக்கு எத்தனை பேர் வரலாம்? 105 பேர்! சீனாவிலிருந்து மட்டுமன்று; உலகில் எங்குப் பிறந்தவராயினும் சீன இரத்தமுடையார் அனைவரும் இந்த 105-க்குள் அடங்க வேண்டும். கதவைத் திறந்தார்கள் என்பதைவிடச் சாவித்துளையைக் காட்டினார்கள் என்பது பொருந்தும்.

1946-ஆம் ஆண்டு இந்தியருக்கு ஆண்டுக்கு 100 இடமும் குடியுரிமையும் அளித்த சட்டத்தில் செல்லரின் பெயரும் சேர்ந்துள்ளது. அதற்கு முன்னர், சிகாகோப் பல்கலைக் கழகத்தில் 1937 முதல் பணியாற்றிய நம் சுப்பிரமணியன் சந்திரசேகர் போன்ற மேதையும் விரும்பினால்கூட அமெரிக்கக் குடிமகனாகியிருக்க முடியாது. அவர் ஆனது 1953-இல். 1952-ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமைக்கு இனத்தடையை முற்றிலும் நீக்கிற்று. 1965 அக்டோபர் 3-ஆம் நாள், சுதந்திர தேவி சிலையின் அடியில், குடியரசுத் தலைவர் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் நாட்டுவாரிப் பழைய பங்கீட்டை ஒழித்து, கிழக்குப் பாதியுலகின் நாடுகள் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 20,000 வரை என ஒரே அளவு வகுத்தது. அச்சட்டம் யார் பெயரால் வழங்குகிறது? 1924-இல் தோற்ற அதே செல்லர். நாற்பத்தொரு ஆண்டுகள் அவையிலேயே காத்திருந்தவர். விலக்குச் சட்டத்துக்காக வருத்தம் தெரிவிக்கும் தீர்மானங்களைச் செனட் சபை 2011-இலும், பிரதிநிதிகள் சபை 2012-இலும் நிறைவேற்றின. அப்பொழுது விலக்கப்பட்டோரில் எத்தனை பேர் உயிரோடிருந்தார்கள் என்று கேட்பது வீண்.

சில ஆண்டுகளுக்கு முன் ஏஞ்சல் தீவுக்கு நான் சென்றிருந்தேன். படகுத்துறையிலிருந்து மரங்களினூடே ஒன்றரை மைல் நடை. வழியெல்லாம் கடற்காட்சி, இத்துணை அழகிய இடத்தில் சிறை வைக்க எப்படி மனம் வந்தது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். 1940-இல் தீ விபத்துக்குப் பின் கைவிடப்பட்ட அந்நிலையத்தை இடித்துவிடத் திட்டமிருந்தது. 1970-இல் வெய்ஸ் என்னும் பூங்காக் காவலர் கைவிளக்கோடு உள்ளே போனார். சுவரெங்கும் வண்ணப்பூச்சின் அடியில் சீன எழுத்துகள் தெரிவதைக் கண்டார். காத்திருந்தவர்கள் செதுக்கிய கவிதைகள் அவை. இருநூறுக்கும் மேற்பட்டவை கண்டெடுக்கப்பட்டுள்ளன. அவரும் மாணவர் சிலரும் ஆசிரியர்களும் பாடுபட்டு அக்கட்டடத்தைக் காப்பாற்றினர். நான் எழுத்தறியாதவன்போல் அச்சுவரின்முன் நின்றேன். கவிதைகளின் அடியில் பெரும்பாலும் பெயரில்லை. பெயர் எழுதினால் அதுவே விசாரணையில் சான்றாகிவிடும் அன்றோ?

பெயரைப் பற்றி இன்னொரு செய்தி. 1956-இல் அமெரிக்க அரசு, காகித மகன்கள் உண்மையை ஒப்புக்கொண்டால் தங்கியிருக்க வழிசெய்யலாம் என்றது. ஆயிரக்கணக்கானோர் முன்வந்தனர், அச்சத்தால் வாய் திறவாதவரும் மிகப் பலர். சான்பிரான்சிஸ்கோவை அடுத்த இடுகாடுகளில் இத்தகையோரின் கல்லறைகள் உண்டு. அவற்றில் ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கும் குடும்பப்பெயர் ஒன்று. அதனருகே சீன எழுத்தில் பொறித்திருக்கும் குடும்பப்பெயர் வேறொன்று.